வாழையிலைப் படுக்கை

பழுவூர் என்ற பெயரைக் கேட்டதும் கதை படிக்கிறவர்களுக்குப் பெரிய பழுவேட்டரையர் நினைவுக்கு வந்துவிடுவார். அவர் உடம்பில் 64 விழுப்புண்கள் இருந்ததாகக் கல்கி 'பொன்னியின் செல்வ'னில் கணக்குச் சொல்லியிருக்கிறார். அது கதைக் கணக்கு. ஆனால் பழுவேட்டரையர்கள் வெறும் கதை மனிதர்கள் அல்லர். கீழப்பழுவூர் ஆலந்துறையார் கோயிலிலும் பக்கத்து மேலப்பழுவூர்க் கோயில்களிலும் அந்த வம்சத்தின் பெயர் கல்லில் வெட்டப்பட்டிருக்கிறது. அந்தக் கீழப்பழுவூர்தான் என் ஊர்.

வாளும் வேலும் ஏற்படுத்திய புண்ணை எண்ணிப் பெருமைப்படுவது நம்முடைய பழைய வழக்கம். புறமுதுகில் பட்டால் அவமானம், மார்பில் பட்டால் வீரம். ஆனால் நெருப்புச் சுட்ட புண்ணை யாரும் எண்ணியதில்லை. அது போர்க்களத்தில் வருவதல்ல. அடுப்பங்கரையில் வருவது, கீற்றுக் கொட்டகையில் வருவது, கல்யாண வீட்டு எண்ணெய்க் கொப்பரையில் வருவது. அதற்கு வீரமும் கிடையாது, கல்வெட்டும் கிடையாது. வள்ளுவர்கூட, கடுஞ்சொல் உண்டாக்கும் வடுவின் கொடுமையைக் காட்டுவதற்காக, நெருப்புச் சுட்ட புண்ணாவது நாளடைவில் குணமாகும் என்று அதை ஒரு படி கீழே இறக்கிவிட்டார். சின்னச் சூடுகளைப் பொறுத்தவரை அவர் சொன்னது சரி. உடம்பில் பாதி வெந்துபோனவர்களின் புண் குணமாகத் தொடங்கியது சென்ற நூறு ஆண்டுகளுக்குள்தான். அந்தக் கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

பழைய வைத்தியர்களுக்குத் தீப்புண்ணைப் பற்றித் தெரியாது என்று சொல்லிவிட முடியாது. சுசுருதர் அதை நான்கு வகையாகப் பிரித்திருக்கிறார்: நிறம் மட்டும் மாறியது ப்ளுஷ்டம், கொப்புளித்தது துர்தக்தம், ஒழுங்காகச் சுட்டது ஸம்யக்தக்தம், சதை தொங்கி நரம்பும் எலும்பும் தெரிய வெந்தது அதிதக்தம். பாரிஸ் நகரத்து டுப்யூத்ரென் 1832-ல் ஆறு படிகளாகப் பிரித்தார். ஆக, சூடு எவ்வளவு ஆழம் போயிற்று என்று பார்க்க எல்லா நாட்டாருக்கும் தெரிந்திருந்தது. சூடு பட்டவர் ஏன் சாகிறார் என்பதுதான் யாருக்கும் புரியவில்லை.

இந்தப் புரியாமையை நான் சிறுவனாயிருந்தபோது கண்ணெதிரே பார்த்தேன். எட்டு அல்லது ஒன்பது வயது இருக்கும். எங்கள் தெருவில் கல்யாணமாகி இரண்டு வருஷமே ஆன ஒரு அக்கா, பொழுது சாயும் நேரத்தில் பம்ப் ஸ்டவ்வைப் பற்றவைத்தாள். அடுத்த நிமிஷம் கூச்சல். யாரோ சாக்கைப் போட்டு அணைத்தார்கள். அதற்குப் பிறகு நடந்ததுதான் முக்கியம். ஒரு வீட்டிலிருந்து தோசை மாவு வந்தது. இன்னொரு வீட்டிலிருந்து மசிப் புட்டி வந்தது. முட்டையை உடைத்து வெள்ளைக் கருவை ஊற்றினார்கள். குழாயடியிலிருந்து குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்த பையனை மட்டும் ஒரு பெரியவர் தடுத்துவிட்டார். "தண்ணி ஊத்தாதேடா, கொப்புளம் போட்டுரும்!" என்றார். அந்த அக்கா, "தாகமா இருக்கு, தாகமா இருக்கு" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். குடிக்கக் கொடுத்தால் ஜன்னி கண்டுவிடும் என்று அதையும் கொடுக்கவில்லை. அந்தப் பெரியவர் கெட்டவர் அல்ல. அவளைப் பெற்ற தகப்பனைப்போல் அழுதவர் அவர்தான்.

வாடகை வேன் ஒன்றில் அவளை ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கூடப் போய்வந்த பெண்கள் சொன்னதில் இரண்டு விஷயங்கள் எனக்கு நினைவிருக்கின்றன. ஒன்று, அவளைத் துணியில் படுக்கவைக்க முடியாது, ஒட்டிக்கொள்ளும் என்று வாழையிலை விரித்துக் கிடத்தினார்களாம். மற்றொன்று, மாஜிஸ்டிரேட் வந்து வாக்குமூலம் எழுதிக்கொண்டு போனாராம். மூன்றாம் நாள் அவள் போய்விட்டாள்.

அவள் எதனால் செத்தாள்? தோல் வெந்ததனால் என்று சொல்வது பாதி விடைதான். மீதிப் பாதியைத் தேடி நாம் கொஞ்சம் தூரம் போக வேண்டும்.

1921 நவம்பரில் அமெரிக்காவில் நியூஹேவன் என்ற ஊரில் ரியால்டோ என்ற சினிமாக் கொட்டகை தீப்பிடித்தது. அந்த ஊரில்தான் யேல் சர்வகலாசாலை இருக்கிறது. அங்கே இருந்த ஃபிராங்க் அண்டர்ஹில் என்ற பேராசிரியர், காயப்பட்டவர்களின் கொப்புளங்களில் கட்டியிருந்த நீரை எடுத்துச் சோதித்தார். அது வெறும் நீர் அல்ல. இரத்தத்தின் நீர்ப்பகுதிக்கு மிகவும் நெருக்கமான சரக்கு என்று கண்டார். அதுவரை டாக்டர்கள், வெந்த தோலில் ஏதோ விஷம் உண்டாகி உடம்பெங்கும் பரவிக் கொல்கிறது என்று எண்ணிக்கொண்டிருந்தார்கள். விஷமல்ல, வறட்சிதான் கொல்கிறது என்றார் அண்டர்ஹில். ஓட்டைப் பானையைப்போல் உடம்பு ஒழுகிக்கொண்டே இருக்கிறது. இரத்தம் கெட்டியாகிறது, நாடி விழுகிறது, சிறுநீர் நிற்கிறது. எங்கள் தெரு அக்கா தாகம் தாகம் என்று கதறியது பிதற்றல் அல்ல. தன் வியாதியின் பெயரையே அவள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஆனால் உண்மை ஒன்று கண்டுபிடிக்கப்பட்டவுடன் உலகம் அதன்படி நடந்துவிடுவதில்லை. 1925-ல் டெட்ராய்ட் நகரத்து டாக்டர் எட்வர்ட் டேவிட்சன், டானிக் அமிலத்தைத் தீப்புண்ணில் தெளிக்கும் முறையைக் கொண்டுவந்தார். டானிக் அமிலம் என்றால் பயந்துவிட வேண்டாம். கடுக்காயிலும் ஆவாரம்பட்டையிலும் தேயிலையிலும் இருக்கிற துவர்ப்புச் சத்து வகைதான் அது. நம் ஊர்த் தோல் பதனிடுகிறவர்கள் ஆட்டுத்தோலை எதில் ஊறப்போடுகிறார்களோ, ஏறக்குறைய அதையே உயிரோடிருக்கிற மனிதன்மேல் தெளித்தார்கள்! புண் கறுத்து இறுகி ஒரு கவசம்போல் ஆகிவிடும். நீர் ஒழுகுவதும் ஓரளவு குறைந்தது. பதினைந்து ஆண்டுகளுக்குமேல் அதுதான் நாகரிக வைத்தியம். பிறகு அந்த அமிலம் உள்ளே இறங்கி ஈரலைக் கெடுக்கிறது என்று தெரிந்து கைவிட்டார்கள்.

மாற்றம் வந்தது இன்னொரு தீ விபத்தினால். 1942 நவம்பர் 28-ஆம் தேதி இரவு பாஸ்டன் நகரத்தில் கோகோநட் குரோவ் என்ற கேளிக்கை விடுதி எரிந்து 492 பேர் மாண்டார்கள். அங்கேயுள்ள மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் டாக்டர் ஆலிவர் கோப் ஒரு துணிச்சலான காரியம் செய்தார். பதனிடும் வேலையெல்லாம் வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டு, வாசலின் வகை தடவிய மெல்லிய துணியால் புண்ணை மூடிக் கட்டினார். யுத்தத்துக்காகச் சேகரித்து வைத்திருந்த இரத்த நீரை நரம்பு வழியே ஏற்றினார்கள். அப்போதுதான் பிறந்திருந்த பென்சிலினையும் கொண்டுவந்து கொடுத்தார்கள். புண்ணுக்கு வைத்தியம் என்பது போய், புண்பட்ட ஆளுக்கு வைத்தியம் என்பது வந்தது. அதே ஆஸ்பத்திரியில் எரிக் லிண்டமன் என்ற மனநல டாக்டர், அந்தத் தீயில் உற்றாரைப் பறிகொடுத்தவர்களோடு உட்கார்ந்து பேசி, துக்கம் என்பது மனித உடம்பை என்ன செய்கிறது என்று 1944-ல் எழுதினார். வெளியே தெரியாத தீப்புண்ணையும் டாக்டர்கள் கவனிக்கத் தொடங்கினார்கள்.

அடுத்தது கணக்கு. எவ்வளவு நீர் கொடுப்பது? அலெக்சாண்டர் வாலஸ் என்ற பிரிட்டிஷ் டாக்டர் 1951-ல் 'லான்செட்' பத்திரிகையில் ஒன்பதின் வாய்பாட்டைப் பரப்பினார். தலைக்கு 9 பங்கு, ஒவ்வொரு கைக்கும் 9, ஒவ்வொரு காலுக்கும் 18, முன்னுடம்புக்கு 18, முதுகுப்புறம் 18, மீதி 1, ஆக நூறு. ஒன்றாம் வகுப்புப் பையனுக்குக்கூடப் புரியும். வெந்தது எத்தனை பங்கு என்று தெரிந்துவிட்டால் நீரின் அளவும் தெரிந்துவிடும். 1968-ல் டல்லாஸ் நகரத்துப் பார்க்லண்ட் மருத்துவமனையில் சார்லஸ் பாக்ஸ்டர் அதற்கொரு சூத்திரம் கொடுத்தார். 1963-ல் சுடப்பட்ட ஜனாதிபதி கென்னடியைத் தூக்கிக்கொண்டு ஓடினார்களே, அதே ஆஸ்பத்திரிதான்.

சூத்திரத்தை நம் ஊர்க் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். 50 கிலோ எடையுள்ள ஒரு பெண்ணுக்கு 40 பங்கு வெந்துவிட்டது. 4 மில்லி, பெருக்கல் 50, பெருக்கல் 40: ஆக 8,000 மில்லி. எட்டு லிட்டர் உப்புநீர், ஒரே நாளில்! வாயால் குடித்து ஆகிற காரியமல்ல; நரம்பு வழியே போக வேண்டும். அதில் பாதி, அதாவது நான்கு லிட்டர், முதல் எட்டு மணி நேரத்துக்குள் போய்விட வேண்டும். இந்த எட்டு மணியை எப்போதிலிருந்து எண்ணுவது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஆஸ்பத்திரிப் படியேறிய நேரத்திலிருந்து அல்ல, தீப்பட்ட நேரத்திலிருந்து. பழுவூரில் ஆறு மணிக்குத் தீப்பட்டு, மாவு பூசி, வேன் பேசி, திருமானூர் தாண்டி, கொள்ளிடம் தாண்டி, திருவையாறு தாண்டித் தஞ்சாவூர் சேரப் பத்து மணி ஆயிற்றென்றால், எட்டில் நான்கு வழியிலேயே ஒழுகிப்போயிற்று. பாக்ஸ்டரின் சூத்திரத்தில் தூரம் என்ற எண் இல்லை. நம் ஊரில் அந்த எண்ணையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டியிருந்தது.

வறட்சியிலிருந்து தப்பியவரைக் கிருமி பிடித்துக்கொள்ளும். தோல் என்பது நாம் போர்த்திக்கொண்டிருக்கிற கோட்டைச் சுவர். அது விழுந்தால் யாரும் உள்ளே நுழையலாம். 1968-ல் சார்லஸ் ஃபாக்ஸ் என்பவர் வெள்ளியையும் சல்பா மருந்தையும் சேர்த்து வெள்ளைக் களிம்பு ஒன்றைக் கொண்டுவந்தார். தீக்காய வார்டுக்குள் போய்ப் பார்த்தவர்கள் முகத்திலும் மார்பிலும் வெண்ணெய் சாத்தியதுபோல் பூசியிருப்பதைக் கண்டிருப்பார்கள், அதுதான். ஆனாலும் செத்த தோலை மேலே வைத்துக்கொண்டு களிம்பு பூசுவதென்பது, அழுகின கீற்றை எடுக்காமல் கூரைக்குச் சாயம் பூசுகிற கதை. அது தானே கழன்று விழட்டும் என்று மூன்று வாரம் காத்திருந்தார்கள். அந்தக் காத்திருப்பில் போனவர்கள் எத்தனையோ பேர்.

யூகோஸ்லாவியாவில் மாரிபோர் என்ற சிறிய ஊரில் வேலை பார்த்த ஸோரா யான்ஸெகோவிச் என்ற பெண் டாக்டர் காத்திருக்க மறுத்தார். மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் செத்த தோலை, இளநீர் சீவுவதுபோல், இரத்தம் துளிக்கும் உயிர்ச்சதை தெரியும்வரை மெல்ல மெல்லச் சீவி எடுத்துவிட்டு, உடனே அதே நோயாளியின் தொடையிலிருந்து எடுத்த மெல்லிய தோலால் மூடினார். 1970-ல் அவர் இதை எழுதியதும், பெரிய தேசத்து டாக்டர்கள் அந்தச் சிறிய ஊரைத் தேடிக்கொண்டு போனார்கள். இன்றுவரை உலகம் பின்பற்றுகிற வழி அதுதான்.

தோலை எடுத்து ஒட்டும் வித்தையில் நமக்கும் பங்கு உண்டு. திப்புவோடு நடந்த யுத்தத்தில் ஆங்கிலேயர் படைக்கு மாட்டு வண்டி ஓட்டிய கவாஸ்ஜி என்பவரின் மூக்கு அறுக்கப்பட்டது. பூனாவுக்குப் பக்கத்தில் ஒரு நாட்டு வைத்தியர் நெற்றித் தோலை மடித்து அவருக்கு மூக்குச் செய்ததை இரண்டு ஆங்கில டாக்டர்கள் பார்த்தார்கள். 1794-ல் லண்டன் பத்திரிகையில் படத்தோடு வெளிவந்த அந்தச் சமாசாரம்தான் ஐரோப்பாவில் இந்த வித்தைக்கு மறுபிறவி கொடுத்தது. தோலை அடியோடு பெயர்த்துச் சிறு துணுக்குகளாக ஒட்டலாம் என்று பாரிஸில் ரெவர்தென் 1869-ல் காட்டினார்.

உடம்பு முழுவதும் வெந்தவனுக்குச் சொந்தத் தோலுக்கு எங்கே போவது? பிறர் தோலை ஒட்டினால் சில வாரங்களில் உடம்பு அதைத் தள்ளிவிடுகிறது. ஏன் தள்ளுகிறது என்று பீட்டர் மெடாவர் யுத்த காலத்தில் தீக்காயக்காரர்களிடமிருந்தே தெரிந்துகொண்டு, 1960-ல் நோபல் பரிசு பெற்றார். ஆனால் அந்தச் சில வாரங்களே உயிர் பிழைக்கப் போதும். இறந்தவர் உடம்பிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் மேல்தோலை மட்டும் மெல்லிய சீவலாக எடுத்துச் சேமித்து வைக்கலாம். உருவம் சிதையாது, இரத்தவகைப் பொருத்தமும் தேவையில்லை. பம்பாய் சயான் மருத்துவமனையில் டாக்டர் மாதுரி கோரே 2000-ல் இப்படியொரு தோல் வங்கியைத் தொடங்கினார். தமிழ்நாட்டிலும் பிறகு வந்துவிட்டன. கண்தானம் என்றால் சம்மதிக்கிற நம்மவர்கள் தோல்தானம் என்றதும் முகம் சுளிக்கிறார்கள். பழகிப்போகும் என்று நம்புகிறேன்.

அந்த மாதுரி கோரே இன்னொரு காரியமும் செய்தார். அதைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. வாழையிலையைத் துணியில் ஒட்டி, கிருமி நீக்கி, தீப்புண் கட்டாகப் போட்டுச் சோதித்து, 2003-ல் முடிவை வெளியிட்டார். புண்ணில் ஒட்டவில்லை; கட்டை மாற்றும்போது வலி இல்லை; அதே பம்பாயில் டாக்டர் கேஸ்வானி முன்பே பயன்படுத்தி வந்த வேகவைத்த உருளைக்கிழங்குத் தோல் கட்டைவிட மலிவு. கொள்ளிடக்கரையில் வாழைக்கா பஞ்சம்? எங்கள் தெரு அக்காவை இலையில் கிடத்திய பெண்களுக்கு ஆராய்ச்சி தெரியாது. ஆனால் கை தெரிந்து வைத்திருந்தது. அதே கைதான் மாவையும் மசியையும் பூசிற்று என்பதையும் மறந்துவிடக் கூடாது. பழமை எல்லாம் பொய்யும் அல்ல, எல்லாம் மெய்யும் அல்ல. சோதித்துப் பார்த்தால்தான் எது இலை, எது மசி என்று தெரியும். இன்னொரு வேடிக்கை: ஒரு காலத்தில் தோல் பதனிடும் சரக்கைத் தெளித்து ஈரலைக் கெடுத்தார்களே, சென்னை அடையாற்றிலுள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் மாட்டுத்தோலின் கொலாஜன் என்ற புரதத்திலிருந்து தீப்புண்ணை மூடும் மெல்லிய தாளைச் செய்து கொடுத்தது. தோல் தொழில் பட்ட கடனைத் தோல் தொழிலே தீர்த்துவிட்டது!

இவ்வளவு மாற்றத்துக்கும் மத்தியில் அந்த மாஜிஸ்டிரேட்டையும் நான் மறக்கவில்லை. சாகிறவர் பொய் சொல்லமாட்டார் என்ற நம்பிக்கையில், 1872-ஆம் வருஷத்து இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 32-ஆம் பிரிவு மரண வாக்குமூலத்தை ஏற்றுக்கொண்டது; 2024 ஜூலையில் அதற்குப் பதிலாக வந்த புதுச் சட்டமும் அதை விடவில்லை. சட்டத்தைக் குறை சொல்ல நான் வரவில்லை. 1986-ல் வரதட்சிணைச் சாவைத் தனிக் குற்றமாக்கியதும் அந்த வாக்குமூலங்களைப் படித்த பிறகுதான் சாத்தியமாயிற்று. ஆனால் நெடுங்காலம் நம் தீக்காய வார்டு, பிழைக்க வைக்கிற இடமாக இருந்ததைவிட, சாட்சி எழுதிக்கொள்கிற இடமாகவே இருந்தது. 2001-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் தீயினால் 1,63,000 பேர் இறந்ததாகவும், அவர்களில் 1,06,000 பேர் பெண்கள் என்றும் 2009-ல் 'லான்செட்'டில் ஆராய்ச்சியாளர்கள் மதிப்பிட்டார்கள். போலீஸ் கணக்கைப்போல அது ஆறு மடங்கு. 'ஸ்டவ் வெடித்தது' என்ற இரண்டு வார்த்தைக்குள் எத்தனை கதைகள் அடக்கம் செய்யப்பட்டனவோ!

மாறியும் இருக்கிறது. 2006-ல் வந்த ஆட்சி தமிழ்நாட்டில் ஏழை வீடுகளுக்கு இலவச எரிவாயு அடுப்புக் கொடுத்தது. 2016-ல் மத்திய அரசின் உஜ்வாலா வந்தது. பம்ப் ஸ்டவ் பரணுக்குப் போயிற்று. 2008-ல் 108 ஆம்புலன்ஸ் வந்தது. உப்புநீர்ப் புட்டி வீட்டு வாசலுக்கே வருகிறது. சென்னை கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையின் தீக்காயப் பிரிவு தமிழ்நாடெங்கும் அறிந்த பெயர். 2022 ஜனவரியில் அரியலூருக்கே அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. கொள்ளிடம் தாண்ட வேண்டிய அவசரம் சற்றுக் குறைந்திருக்கிறது.

ஆனால் நெருப்பு ஓய்வெடுப்பதில்லை. 1997 ஜூன் 7-ல் தஞ்சைப் பெரிய கோயில் குடமுழுக்கில் யாகசாலைப் பந்தல் தீப்பிடித்து 48 பேர் மாண்டார்கள். 2004 ஜூலை 16-ல் கும்பகோணத்தில் பள்ளிக்கூடக் கீற்றுக் கூரை எரிந்து 94 குழந்தைகளைக் கொண்டுபோயிற்று. 2023 அக்டோபர் 9-ல் எங்கள் கீழப்பழுவூருக்கு அருகே விரகாலூரில் நாட்டுப் பட்டாசு செய்யும் இடம் வெடித்துச் சிதறியது. ஒன்பதுக்குக் குறையாத உயிர்கள் போயின. காயப்பட்டவர்களை அரியலூருக்கும் தஞ்சாவூருக்கும் கொண்டு ஓடினார்கள். தீபாவளிக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது. மற்றவர்கள் வீட்டு வாசலில் மத்தாப்புச் சிரிக்க வேண்டும் என்று கூலிக்கு மருந்து இடித்தவர்கள் அவர்கள். எந்த ஆஸ்பத்திரியும், எந்தச் சூத்திரமும், இப்படிச் சிதறிய உடம்பைத் திருப்பித் தர முடியாது. வைத்தியம் எவ்வளவு வளர்ந்தாலும் அது இரண்டாவது காரியம்தான். தீ வராமல் காப்பதே முதல் காரியம்.

வந்துவிட்டால் என்ன செய்வது? நூறு வருஷத்து ஆராய்ச்சி கடைசியில் வந்து நிற்கிற இடம் குழாயடிதான். தீயை அணைத்தவுடன், வெந்த இடத்தில் குளிர்ந்த சாதாரணத் தண்ணீரை இருபது நிமிஷம் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஐஸ் கூடாது, மாவு, மசி, பற்பசை எதுவும் கூடாது. வளையலும் மோதிரமும் வீக்கத்துக்கு முன்பே கழன்றுவிட வேண்டும். சுத்தமான துணியால் தளர மூடி, உடனே கொண்டுபோக வேண்டும். தீ எத்தனை மணிக்குப் பட்டது என்பதை டாக்டரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும். ஏனென்றால் கணக்கு அங்கேயிருந்துதான் தொடங்குகிறது.

அன்று குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்த பையன் இன்று எங்கள் ஊரில் டீக்கடை வைத்திருக்கிறார். அவருக்கு வைத்திய சாஸ்திரம் ஒன்றும் தெரியாது. பதறிப்போன ஒருவன் இயல்பாகச் செய்யக்கூடியதை அவர் செய்ய வந்தார். அதுவே சரியான வைத்தியமாக இருந்தது. இனி எந்தத் தெருவிலாவது அப்படியொரு பையன் குடத்தோடு ஓடிவந்தால், பெரியவர்கள் தயவுசெய்து வழிவிட வேண்டும்.